கலங்கின ஆற்றுத் தண்ணீர்: படிகாரமா, முருங்கை விதையா, தேற்றாங்கொட்டையா?

குறுக்குத்துறை முருகன் கோயிலை முழுக்கிக்கொண்டு தாமிரபரணி போகிற ஐப்பசி, கார்த்திகையில் அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மறுநாளும் கலங்கலாகத்தான் இருக்கும். 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) களிமண் துகள் ஓர் அடி இறங்கவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு நூறு நாள். பாக்டீரியாவுக்கும் தண்ணீருக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதுவும் மெதுவாகத்தான் இறங்கும்.

எல்லாம் ஒட்டிக் கட்டியானால் சீக்கிரம் இறங்கிவிடும். ஒட்டாததற்குக் காரணம் மேற்பரப்பு. களிமண்ணின் மேல் எதிர்மின்னூட்டம். ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சுவரில் பாஸ்பேட், கார்பாக்சில் தொகுதிகள் இருப்பதால் அங்கேயும் எதிர்மின்னூட்டம்தான். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. ஆகவே படிகாரம், முருங்கை விதை, தேற்றாங்கொட்டை (தேற்றா மரத்தின் விதை) மூன்றில் எது நல்லது என்பதை, அந்த மின்னூட்டத்தை அது என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘இயற்கை’, ‘கெமிக்கல்’ சண்டை இங்கே உதவாது.

படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. துகள்களின் மின்னூட்டத்தை அடித்துப் போடும். தண்ணீரோடு சேர்ந்து பஞ்சு மாதிரித் திரண்டு, மிச்சம் மீதியையும் வாரிக்கொண்டு இறங்கும். வேகமும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் கை தாராளமானால் சிக்கல். அளவு மிஞ்சினால் துகள்கள் இப்போது நேர்மின்னூட்டம் பெற்று மறுபடி தள்ளிக்கொள்ளும். தண்ணீரின் கார அமிலத் தன்மையும் அமிலப் பக்கம் சாயும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

எனக்குப் பிடித்தது முருங்கைதான். திசையன்விளைப் பக்கம் நெற்றுக்குப் பஞ்சமா என்ன? விதையில் உள்ள சின்னப் புரதம் ஒன்று, சாதாரணத் தண்ணீரில் பலமான நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். களிமண்ணில் திட்டுத்திட்டாக ஒட்டி, அந்தத் திட்டில் அடுத்த துகளை இழுத்துக்கொள்ளும். பாக்டீரியாவிடம் இன்னொரு வேலையும் செய்கிறது: சவ்வில் ஒட்டி, உள்சவ்வையும் வெளிச்சவ்வையும் ஒன்றாக இணைத்துச் சிதைத்துக் கொல்கிறது. படிகாரம் பெரும்பாலும் இழுத்துக் கீழே போடுவதோடு சரி. தோலுரித்த பருப்பை இடித்து, தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டிய பாலை ஊற்றிக் கிண்டிவிட்டு ஓரிரு மணி நேரம் விட வேண்டும். லிட்டருக்கு ஒன்றிரண்டு விதை. கலங்கலைப் பொறுத்துக் கூடும், குறையும். இதிலும் ஒரு குறை இருக்கிறது. விதையின் எண்ணெய், சர்க்கரை எல்லாம் தண்ணீரிலேயே தங்கும். பிழைத்த பாக்டீரியாவுக்கு அது விருந்து. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். லேசான கலங்கலில் இது அவ்வளவாக எடுபடுவதும் இல்லை.

தேற்றாங்கொட்டை விஷயம் விசித்திரம். பானையின் உட்புறத்தில் இழைப்பார்களே, அதிலிருந்து கரைகிற நீளமான மாச்சத்துச் சங்கிலிகளும் எதிர்மின்னூட்டம் உள்ளவைதான்! தள்ள வேண்டியது எப்படி இழுக்கிறது? நீளம்தான் காரணம். ஒரு சங்கிலி பல துகள்களில் ஒரே நேரத்தில் ஒட்டிப் பாலம் போடுகிறது. தண்ணீரில் இருக்கிற கால்சியம் இடையில் நின்று ஒட்டவைக்கிறது. அதனால் உப்புச்சத்தே இல்லாத மெல்லிய தண்ணீரில் இதைத் தனியாக நம்ப மாட்டேன். கொஞ்சம் படிகாரம் போட்டு, பிறகு இதைச் சேர்த்தால் கட்டி பெரிதாகும். படிகாரச் செலவும் குறையும்.

2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து, இரண்டு மூன்று நாளைக்குத் தேக்கிவைக்க வேண்டுமானால் படிகாரமும் தேற்றாங்கொட்டையும். அன்றன்றைய குடத்துக்கு முருங்கை. எதுவானாலும் தெளிந்ததை வடித்துக் கொதிக்க வைத்த பிறகே குடிக்க வேண்டும். அடியில் நிற்கிற வண்டலில் கிருமிகள் செத்துத்தான் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். அதைக் கிணற்றடியில் கொட்டாமல் தள்ளிப் போய் ஊற்றுங்கள்.