புது வண்டியில் பட்டி

பொங்கலுக்குப் புது கார் எடுக்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஷோரூம் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஊர் ஈரோடு, அவ்வளவுதான்.

2024 செப்டம்பர். அத்தை பையன் தன் காரை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். 2022 மாடல், 28,000 கிலோமீட்டர் ஓடியது, சிங்கிள் ஓனர். எனக்கென்றால் 5,40,000 என்றான். அதே கார் புதிதாக ஷோரூமில் 7,20,000. நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்பாதான் முடித்து வைத்தார். “எடுக்கறது எடுக்கற, புதுசா எடு. அடுத்தவன் ஓட்டுன வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா?”

7,20,000 என்பது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி 13 சதவீதம், அது 93,600. நம் மாநிலத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள கார்களுக்கு 2023 நவம்பரிலிருந்து இதுதான் கணக்கு. பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்து 3,400. இதுவரை சரி. இதற்கு அப்புறம்தான் அவர்கள் கைவரிசை. இன்சூரன்ஸ் 41,000. மிதியடி, மட் ஃபிளாப், நம்பர் பிளேட் ஃபிரேம், ஒரு சென்ட் பாட்டில் சேர்ந்த ‘பேசிக் கிட்’ 18,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 7,500. டெஃப்லான் கோட்டிங் 6,000. மொத்தம் 8,90,000. அதில் 25,000 ‘பண்டிகை ஆஃபர்’ என்று கழித்து 8,65,000 என்று தாளைத் திருப்பிக் காட்டியபோது, நான் என்னமோ ஜெயித்துவிட்ட மாதிரிதான் சிரித்தேன்.

அதே இன்சூரன்ஸை, அதே ஐடிவி (வண்டிக்குப் போடுகிற காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது) போட்டு, வெளியே 27,000க்குக் கொடுத்தார்கள். அதைக் காட்டினேன். “வெளிய போட்டீங்கன்னா ஆஃபர் வராதுங்க சார்” என்றான் ஷோரூம் சேல்ஸ் பையன். எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு) கட்டாயம், அதை டீலரிடம்தான் போட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. ஹேண்ட்லிங் சார்ஜும் அரசாங்கம் கேட்கிற காசு இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போதே ஓரளவு தெரியும். தெரிந்தும் கட்டினேன். விஜயதசமிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று வீட்டில் நாள் குறித்தாயிற்று. அவர்களுக்கும் அது தெரியும்.

பணத்தில் அடித்ததைக்கூட விட்டுவிடலாம். வண்டிக்கு வருகிறேன்.

முழுப் பணமும் கட்டின பிறகுதான் சேஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஒதுக்குவோம் என்றார்கள். வண்டியை ஒரு தடவை பார்க்கலாமா என்றால், “ஸ்டாக்யார்டுக்குள்ள கஸ்டமரை விட மாட்டோங்க சார், டெலிவரிக்கு முன்னாடி நாங்களே எல்லாம் செக் பண்ணிருவோம்.” கடனும் பாஸ் ஆகி, பதிவும் முடிந்து, நம்பரும் வந்த பிறகுதான் வண்டியைக் கண்ணால் பார்த்தேன். விஜயதசமி அன்று, அக்டோபர் 12, சாயங்காலம் ஏழு மணி. மேலே பட்டுத் துணி மூடியிருந்தது. மஞ்சள் விளக்கு வெளிச்சம். மகள் துணியை இழுத்தாள், கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். பின்னால் இன்னும் நான்கு குடும்பம் வரிசையில் நின்றது. நீட்டின நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்றில் ‘வாகனத்தைப் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்ததாம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கத்தான் நேரம் இருந்தது.

ஆர்.சி. கார்டு தபாலில் வந்தது. உற்பத்தி மாதம் 12/2023. பத்து மாதம் யார்டில் வெயிலும் மழையும் வாங்கின வண்டி. விற்கப் போகும்போது அது 2023 மாடல் என்றுதான் எவனும் விலை பேசுவான். பழைய வருட ஸ்டாக் என்று சொல்லியே குறைத்துக் கொடுப்பது வழக்கம், எனக்கு அதை மறைத்துவிட்டார்கள். அப்புறம்தான் டயரைக் குனிந்து பார்த்தேன். டயர் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் வருடம். என்னுடையதில் 4623. டெலிவரி அன்றைக்கே குனிந்திருந்தால் தெரிந்திருக்கும், பட்டு வேட்டியில் யார் குனிவார்கள்?

ஜனவரியில் பவானி ரோட்டில் ஒரு டூவீலர் முன்பக்க இடது ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடு) உரசிவிட்டுப் போனது. சின்னக் கீறல்தான். தெரிந்த பெயிண்டரிடம் கொண்டுபோனேன். அவர் கீறலைப் பார்க்கவே இல்லை. விரல் கணுவால் ஃபெண்டரைத் தட்டினார், கதவைத் தட்டினார், மறுபடியும் ஃபெண்டர்.

“வண்டி செகண்ட்ஸுங்களாண்ணா?”

“புதுசுங்க. மூணு மாசந்தான் ஆச்சு.”

“இதுல பட்டி போட்டிருக்குதுங்க, அடிபட்ட பள்ளத்தப் பூசி நிரவிருக்காங்க. டிங்கரிங் பாத்து, பெயிண்ட் அடிச்ச வண்டி.”

பானெட்டைத் திறந்து காட்டினார். ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட காயம். ரப்பர் பீடிங் ஓரத்தில் ஸ்ப்ரே தெறித்த புள்ளிகள். வெயிலில் நிறுத்தி சாய்வாகப் பார்த்தால் கதவின் நிறமும் ஃபெண்டரின் நிறமும் ஒரு நூல் வித்தியாசம். பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டர் ஒன்றை வைத்தார். மற்ற இடத்தில் எல்லாம் நூற்றுச் சொச்சம் மைக்ரான், ஃபெண்டரில் அறுநூற்றைத் தாண்டியது.

அதே கம்பெனியின் கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போய், சும்மா ஹிஸ்டரி பார்க்கச் சொன்னேன். சேஸ் நம்பரைத் தட்டியதும் வந்துவிட்டது: 2024 ஜூலை, பாடி ரிப்பேர். நான் வாங்கியதற்கு மூன்று மாதம் முன்பு. லாரியிலிருந்து இறக்கும்போது இடித்திருக்கலாம், டெஸ்ட் டிரைவில் யாராவது எங்காவது விட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஷோரூமில் மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் போட்ட கையெழுத்தையும் காட்டினார். மூன்றாவது தடவை போனபோது 20,000க்கு சர்வீஸ் கூப்பன் தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டால், ‘உங்கள் புகாரை டீலருக்கு அனுப்பியிருக்கிறோம்’. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்ததற்கும் டீலர் அதே கூப்பனைத்தான் பதிலாக எழுதினார். ஏப்ரலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய், பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இப்போது வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பதிவு ஆவதற்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், உங்களுக்கு ஒதுக்கின சேஸ் நம்பர் வண்டியையே பார்க்க வேண்டும். கூடவே ஒரு பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஐநூறு ரூபாய் கொடுத்தால் வருவார். நம்பர் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அது உங்கள் வண்டி, வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பது லேசில்லை. காட்ட மாட்டேன் என்கிற ஷோரூமில் செக் கொடுக்காதீர்கள். நாள், நட்சத்திரம் எல்லாம் வண்டியைப் பார்த்த பிறகு குறித்துக்கொள்ளலாம்.

புது கார் காசுக்குத் தகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் வண்டி மதிப்பைக் குறைக்கிற பட்டியலைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30. சாலை வரி இந்தக் கணக்கிலேயே வராது, அது போனது போனதுதான். நான் வாங்கிய கடன் 7 லட்சம், 9.5 சதவீதம், ஏழு வருடம். மாதம் 11,441 வீதம் கட்டி முடிக்கும்போது 9,61,000. மாதத்துக்கு அறுநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அத்தை பையன் வண்டியே தாராளம். இது போதாதென்று 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகிவிட்டது. என் வண்டி விலையில் அறுபதாயிரத்துக்கு மேல் இறங்கியது. அதற்கு ஷோரூமைக் குற்றம் சொல்ல முடியாது, என் ஜாதகம்.

ஆனால் அந்த மூன்று லட்சத்துச் சொச்சத்தை நான் கூடுதலாகக் கொடுத்தது எதற்கு? யார் கையும் படாத வண்டி என்ற ஒரு நிம்மதிக்கு. அத்தை பையன் வண்டியில் எங்கே என்ன இடித்தது என்று அவனே சொல்லியிருப்பான்.

அந்த ஃபெண்டரைத் தொடவே கூடாது, அதுதான் சாட்சி என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் ஜனவரிக் கீறல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் வாரம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார், “புது வண்டிய இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்களேங்க சார்?”