எட்டுப் புனல் கறுப்புப் பொறி: கீழ்ப்பழநித் தோட்டங்களுக்கு வாங்கலாமா?

வண்டை ஒழித்துவிடும் என்று சொல்லி இந்தப் பொறியை விற்றால் வாங்காதீர்கள். தோட்டத்தில் மரத்தைத் துளைக்கும் எந்த வண்டு (துளைப்பான்) பறக்கிறது, எந்த மாதத்தில் பறக்கிறது என்று அறியத்தான் இது. அந்த வேலைக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

1983-இல் பூச்சி ஆய்வாளர் லிண்ட்கிரென் வெளியிட்ட வடிவம்தான். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கறுப்புப் புனல்கள், அடியில் கோப்பை. வண்டின் கண்ணுக்கு அடிமரம். மோதியதும் வழுக்கிக் கீழே விழும். 4, 8, 12, 16 புனல்களில் கிடைக்கிறது. காப்பி நிழலுக்கு 8 தாராளம்.

கூட வரும் கவர்ச்சிப் பை எத்தனால். வாடிய மரம் எத்தனாலை வெளிவிடும். அந்த வாசனைக்குத்தான் காப்பிக் கிளையைத் துளைக்கும் சைலோசாண்ட்ரஸ் காம்பாக்டஸ் போன்றவை வருகின்றன. அராபிகாவின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் இதற்கு வராது. அதற்குத் தனிப் பாலினக் கவர்ச்சி வேண்டும். தேயிலையிலும் பட்டர் ஃப்ரூட்டிலும் ஷாட் ஹோல் போரர் என்கிறோமே, அந்த யூவல்லேசியாவுக்கும் எத்தனால் மட்டும் போதாது. குவெர்சிவோரால் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் உள்ள பையைத் தனியாக வாங்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

பொறியின் பலவீனம் கோப்பை. வடிகால் ஓட்டையில் உள்ள வலை பெருங்கண். காம்பாக்டஸ் இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை, அகலம் அதில் பாதிதான், நழுவிப் போய்விடும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலையை உள்ளே ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சருகும் விட்டிலும் ஓட்டையை அடைத்துக் கோப்பை வழியும், மிதக்கிற வண்டும் கூடவே போகும். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறையாவது காலி செய்தே ஆக வேண்டும். விழுந்த வண்டு கெடாமலிருக்கக் கோப்பையில் இரண்டு விரல் உயரம் புரோபிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். கார் கூலன்ட் வேண்டாம். பெரும்பாலும் அது எத்திலீன் கிளைக்கால், இனிப்புக்கு நாய் நக்கினால் செத்துப்போகும். உலர்ந்த கோப்பை எறும்புக்குப் பந்தி.

கோப்பையின் அடி தரையிலிருந்து அரை முதல் ஒரு மீட்டர் வரை இருக்கட்டும். இந்தச் சிறு வண்டுகள் தாழ்வாகவே பறக்கும். காட்டுமாடு நடக்கும் தடத்தில் கட்டினால் பொறி மிஞ்சாது. இரண்டு சில்வர் ஓக்குக்கு நடுவே கயிறு கட்டி, தோட்டத்தின் ஓரத்தில் தொங்கவிடுங்கள். நடுத்தோட்டத்தில் வைத்தால் வாசனைக்கு வந்த வண்டு பக்கத்துச் செடியில் ஏறும்.

விழுந்ததை மெல்லிய துணியில் வடித்து ஆல்கஹாலில் போடுங்கள். டிஎன்ஏ சோதனை தேவைப்பட்டால் 95 சதவீதம். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். முழங்கைபோல் மடங்கி, நுனி குமிழான உணர்கொம்பு இருந்தால் பட்டை வண்டு அல்லது மரத்துக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்னும் அம்புரோசியா வண்டு வகை. மடங்காமல் நுனியில் மூன்று தளர்ந்த கணுக்கள் இருந்தால் வேறு குடும்பம். சைலோசாண்ட்ரஸுக்கு முன்கால்கள் உடலோடு சேரும் அடிப்பகுதிகள் விலகி நிற்கும், யூவல்லேசியாவுக்கு ஒட்டி நிற்கும். பத்து மடங்கு லென்ஸ் வகை பிரிக்கத்தான் உதவும். அந்த அடிப்பகுதியைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். யூவல்லேசியாவுக்குள் இனம் பிரிக்க நுண்ணோக்கியும் போதாது, டிஎன்ஏதான். கலிஃபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வந்தேறியாகப் புகுந்து பட்டர் ஃப்ரூட்டைத் துளைக்கும் கூட்டம் ஆசியாவில் பழைய குடி என்பதால், பெயரை அவசரப்பட்டு எழுதக் கூடாது. சைலோசாண்ட்ரஸ், யூவல்லேசியா இரண்டிலும் சிக்குவது பெண் வண்டுகள்தான். ஆணுக்குப் பறக்க வராது.

ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் இரண்டு லிட்டர் பாட்டிலில் பக்கவாட்டில் சன்னல் வெட்டி, எத்தனால் கலந்த சானிடைசரைத் தொங்கவிட்டுப் பாருங்கள். சிறு வண்டுகள் அதிலும் விழும். மாதாமாதம் கணக்கு வைக்க ஆள் இருந்தால் மட்டும் புனல் பொறிக்குப் போங்கள்.