ஹட்டன் – கண்டி பஸ்ஸில் மூன்று இயர்போன்கள்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு வாரத்தில் இரண்டு முறை பஸ்ஸில் போய் வருகிறேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்றி உறுமும் எஞ்சினும், வட்டவளைப் பக்கம் கூரையில் கொட்டும் மழையும், சாரதி விருப்பப்படி ஒலிக்கும் பாட்டும் கலந்த இரைச்சலுக்குள் எனக்கு வேண்டிய இசை தெளிவாகக் கேட்கிறதா என்பதே எந்த இயர்போனுக்கும் நான் வைக்கும் முதல் சோதனை. அந்தச் சோதனைக்கு மூன்ட்ராப் சூ 2, செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் சீரோ, கே.இசட். இசட்.எஸ்.என். புரோ ஆகிய மூன்றையும் உட்படுத்தினேன். மூன்றும் வெளிநாட்டுச் சந்தையில் 20 டொலரை ஒட்டிய விலையில் வந்தவை. மூன்றும் வயர் உள்ளவை.

வயர் இல்லாத ஒன்றை முன்பு வைத்திருந்தேன். இரண்டு வருடங்களில் அதன் பற்றரி அரை மணி நேரம்கூடத் தாங்காத நிலைக்கு வந்தது. மாற்றித் தர வழியில்லை, புதிது வாங்குங்கள் என்றார்கள் கடைக்காரர்கள். இந்த மூன்றிலும் வயரைக் கழற்றி மாற்றலாம் என்பதால், அறுந்துபோனாலும் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. ஆனால் புரோவின் இணைப்பு முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தது. மற்ற இரண்டின் வயரை அதற்கு வாங்கினால் சரியாகப் பொருந்தாது. கைத்தொலைபேசியில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லாதவர்கள் சிறிய மாற்றி ஒன்றையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சொல்வதற்கு முன் காதுக்குள் நுழையும் சிலிகன் முனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காதுத் துவாரத்தை அது இடைவெளியின்றி அடைக்காவிட்டால் முதலில் கசிந்து போவது தாழ்ந்த சுருதிகளே; “பேஸ் இல்லை” என்று குறை சொல்பவர்களில் பலருக்கு முனையின் அளவை மாற்றினாலே குறை தீர்ந்துவிடும். எனக்கு வலது காதுக்கு நடுத்தர அளவும் இடது காதுக்குச் சிறியதும் பொருந்துகின்றன. நன்றாக அடைத்தால் வெளி இரைச்சல் குறைவதால் ஒலியையும் குறைவாகவே வைக்கலாம். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. அடைப்பில்லாத மலிவு இயர்போனைப் போட்டுக்கொண்டு எஞ்சினோடு போட்டி போடுபவர் அதை எளிதில் தாண்டிவிடுவார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவன் என்பதால் தப்புப் பறையின் சத்தம் எனக்கு நன்கு பழக்கமானது. தீயில் காய்ச்சிய தோலில் மெல்லிய நீண்ட குச்சி விழும் கூர்மையும், தடித்த குட்டைக் குச்சி எழுப்பும் கனமும் வெவ்வேறாகக் கேட்க வேண்டும். இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் சிறு பாகத்தை டிரைவர் என்பார்கள். புரோவில் வழக்கமான டைனமிக் டிரைவர் ஒன்றோடு, உயர் சுருதிகளுக்கென்று பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற இன்னொரு வகை டிரைவரும் இருக்கிறது. அது கூர்மையையும் கனத்தையும் ஒருசேரத் தூக்கிக்காட்டி முதல் ஐந்து நிமிடங்களுக்கு மயக்குகிறது. பிறகு நாதஸ்வரம் வந்ததும் அதன் மேல் ஸ்தாயி காதைக் குத்துகிறது, பாடுபவரின் குரலோ இரண்டடி பின்னால் போய்விடுகிறது. டிரைவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மற்ற இரண்டிலும் காதுக்கு ஒரே ஒரு 10 மில்லிமீற்றர் டைனமிக் டிரைவர்தான், ஆனால் இரண்டுமே குரலை அதன் இடத்தில் வைக்கின்றன. சீரோ குச்சியின் ஒவ்வொரு அடியையும் பிரித்துக் காட்டுகிறது. கனம் சற்று வறண்டிருக்கிறது. சூ 2-இல் அந்தக் கனம் ஈரப்பசையோடு இறங்குகிறது, தோல் அதிர்ந்து அடங்குவதுகூடக் கேட்கிறது. அமைதியான அறையில் சீரோவையே விரும்புவேன். பஸ்ஸில் எஞ்சின் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடுவதால் சூ 2-இன் கூடுதல் கனம் தேவைப்படுகிறது. 32 ஓம் மின்தடை கொண்ட சீரோவுக்கு 18 ஓம் சூ 2-ஐவிட ஒலியளவை ஓரிரு படிகள் உயர்த்தவும் வேண்டியிருந்தது.

அணியும் வசதியில் சூ 2-ஐ நெருங்க மற்றவற்றால் முடியவில்லை. சிறிய உடல், சிலிகன் முனையை மாட்டும் குழாயும் மெல்லியது. கம்பளிக் குல்லாவை இழுத்து மூடினாலும் உறுத்தவில்லை. உடல் முழுக்க உலோகம் என்பதால் விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நிற்கும்போது காதில் ஐஸ் வைத்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். சீரோவின் குழாய் அகலமானது. சிறிய காதுத் துவாரம் உள்ள என் தங்கை ஒரு மணி நேரத்தில் வலிக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டாள். புரோவின் உடல் தடிமனாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்க முடியாது. இன்னொன்று: ஹட்டன் ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரம், கண்டி 500 மீற்றர். கினிகத்தேனை இறக்கத்தில் காதடைக்கும்போது இறுக்கமான முனை அதை மேலும் கடுமையாக்குகிறது. அந்த நேரத்தில் கழற்றிவிட்டு எச்சில் விழுங்குவதே நல்லது.

நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் எந்த இயர்போனின் குழாய் வாயில் உள்ள வலையும் அழுக்கோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்; ஒரு பக்கம் ஒலி குறைந்தால் பழுதென்று முடிவு கட்டுமுன் அதைப் பார்க்க வேண்டும். சூ 2-இல் குழாயின் முன்பகுதியைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். என் பையில் இப்போது இருப்பது அதுதான். சீரோ வீட்டு மேசையில் இருக்கிறது, புரோவை மருமகன் கேட்டு வாங்கிப் போய்விட்டான்.