கலவை மூட்டையா, ஒற்றை நாணயமா?

பழைய நாணயம் சேர்க்கக் கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் இரண்டு வழி. எடை போட்டு விற்கும் பல நாட்டு நாணயக் கலவையை வாங்கலாம். இல்லை, பணம் சேர்த்து நல்லதாக ஒன்று வாங்கலாம்.

கலவையைக் கிளறும் சுகம் தனி. யூரோ வந்ததால் 2002-இல் புழக்கத்தை விட்டுப் போன பிரான்சின் ஃபிராங்க், இத்தாலியின் லிரா, ஸ்பெயினின் பெசெட்டா எல்லாம் கைக்கு வரும். விற்பவர் வெள்ளிக் காசை மட்டும் முன்பே பொறுக்கி எடுத்திருப்பார். அப்புறம், ஒரே காசு திரும்பத் திரும்ப வந்து எரிச்சலூட்டும்.

ஒற்றை நாணயத்தில் காத்திருப்புதான் கொடுமை. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசுகள் ஏராளமாகக் கிடைப்பதால் சாதாரண ரகங்களின் விலை கட்டுப்படியாகும். லென்ஸில் பார்த்தால் சிலவற்றில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தலைப்பட்டியில் முத்து வரிசைகூடத் தெரியும். போலிகளும் உண்டு, விளிம்பில் வார்ப்புக் கோடு (உருக்கி ஊற்றிய அச்சின் தடம்) தெரிந்தால் விட்டுவிடுங்கள். பழைய வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலத்தைப் பளபளப்புக்காகத் தேய்க்காதீர்கள், மதிப்பே போய்விடும்.