குழந்தைக்காக எந்த நாட்டுக்குப் போவது? ஸ்பெயின், செக், கிரீஸ்: இரண்டுக்குப் போய் வந்தவளின் ஒப்பீடு

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்காக நாங்கள் போன முதல் பயணத்தில் நடந்த கூத்தைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். கருமுட்டை எடுப்பதற்கு ஏறக்குறைய 36 மணி நேரம் முன்னால் ஓர் ஊசி போட வேண்டும். ட்ரிகர் ஊசி என்பார்கள். முட்டைகள் கடைசியாக முதிர்வது அதனால்தான். நேரம் ரொம்பத் தப்பினால் முட்டை பிஞ்சாகவே வரும், இல்லையென்றால் எடுக்கும் முன்பே வெளியேறிவிடும். கிளினிக்கிலிருந்து வந்த செய்தியில் "இரவு 10.30" என்று மட்டும் இருந்தது. அன்று மாலைதான் செக் தலைநகர் பிராகில் இறங்கியிருந்தோம். என் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது. ஆனால் அலாரம் வைத்தது என் கணவரின் கைக்கடிகாரத்தில். அது இன்னும், ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டு நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் பிந்திப் போட்டோம். ஊசியை எடுத்த பிறகுதான் போனைப் பார்த்தேன்: 11.34. விடிய விடியத் தூங்காமல் காலையில் அழுதுகொண்டே அழைத்தேன். "சரி, முட்டை எடுப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அந்த இரவு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

வெளிநாட்டில் சிகிச்சை என்றால் இப்படித்தான். மருத்துவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆட்டிப்படைப்பவை சட்டமும் கடிகாரமும் மொழியும்தான். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஆய்வகக் கருவிகளைப் பற்றி ஒன்றும் இருக்காது.

எதற்காகப் போகிறார்கள் என்பதற்கு ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பெல்ஜியம், செக், டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் 46 மையங்களுக்கு வந்த வெளிநாட்டு நோயாளிகளிடம் படிவம் கொடுத்துக் கேட்டார்கள். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் இத்தாலியர்கள். காரணம் வெளிப்படை: இத்தாலி 2004-இல் பிறர் முட்டையையும் விந்தணுவையும் பயன்படுத்தத் தடை போட்டிருந்தது. 2014-இல்தான் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை உடைத்தது. அடுத்து ஜெர்மானியர்கள். அவர்களுடைய கருப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் நடைமுறைக்கு வந்தபோதே கருமுட்டைக் கொடையை மூடிவிட்டது. சுற்றுலா என்ற பெயர் இதற்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. வீட்டுக் கதவு சாத்தியிருப்பதால்தான் பெரும்பாலோர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

சொந்த முட்டையா, கொடை முட்டையா

நாட்டைப் பற்றிப் பேசும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. இரண்டும் ஒரே சிகிச்சை போலத் தோன்றினாலும் பயணம் என்று வரும்போது இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

சொந்த முட்டை என்றால் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன், பிறகு முட்டை எடுப்பு, அதன்பின் ஐந்து நாள் கரு வளரும்வரை காத்திருப்பு. முழுதும் அங்கேயே இருந்தால் மூன்று வாரம் போய்விடும். பாதியை வீட்டிலிருந்தே செய்தால், இங்கே ஸ்கேன் எடுப்பவர் ஒருவர், அங்கே மருந்தளவைத் தீர்மானிப்பவர் இன்னொருவர். நடுவில் தூதுவர் நாம்தான். ஊசிமருந்தைக் கைப்பையில் வைத்து, மருத்துவரின் கடிதத்தோடு விமானத்தில் ஏற வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். குளிர்ப்பைக்குள்ளும் உறைந்த ஜெல் பொட்டலம் மருந்தில் நேராகப் படக்கூடாது. நான் ஒரு துண்டைச் சுற்றி வைத்தேன்.

இன்னொரு அபாயம் முட்டை எடுத்த பிறகு வருவது. சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிறு உப்பும், நீர் கோக்கும், கடுமையானால் மூச்சுத் திணறும், இரத்தம் உறையும் அபாயமும் கூடும். முட்டை எடுத்த மறுவாரம்கூட அது தலைகாட்டலாம். அதாவது நீங்கள் விமானத்தில் இருக்கும்போது, அல்லது உங்களை அறியாத ஓர் உள்ளூர் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நிற்கும்போது. முட்டை நிறைய வரக்கூடியவர்கள் ட்ரிகர் மருந்தை மாற்றுவதைப் பற்றியும், கருக்களை எல்லாம் உறையவைத்து அடுத்த மாதம் வருவதைப் பற்றியும் கிளம்பும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கொடை முட்டை என்றால் இந்த ஊசிப் படலம் கொடையாளருடையது. நாம் செய்ய வேண்டியது கருப்பையின் உள்வரியைத் தயார் செய்வது மட்டும். ஈஸ்ட்ரஜன் மாத்திரை, வீட்டருகே ஒன்றிரண்டு ஸ்கேன், உள்வரி 7 மில்லிமீட்டரைத் தாண்டியதா என்று பார்த்தல். பிறகு மூன்று நான்கு நாள் பயணம்.

செலவு குறையும் என்பதற்காக மட்டும் சொந்த முட்டையோடு வெளிநாடு போவதை இன்று யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 40 வயதில் நாங்கள் செக் போனது அப்படித்தான். மிச்சம் பிடித்த காசு விமானத்துக்கும் வாடகை அறைக்குமே போனது. கருவும் ஒட்டவில்லை. தோற்றதற்கு நாட்டைக் குறை சொல்ல மாட்டேன், அது வயது. பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சை ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் கணக்கைப் பாருங்கள்: சொந்த முட்டையில் வயது ஏற ஏற வெற்றி சரிகிறது. 40-ஐத் தாண்டினால் கருப்பைக்குள் வைக்கும் ஒரு கருவுக்குப் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கி, 43-க்குப் பிறகு இன்னும் பாதியாகிறது. கொடை முட்டையிலோ பெறுபவரின் வயது எதுவானாலும் 30 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறது. முட்டையின் வயதுதான் கணக்கு, கருப்பையின் வயது அல்ல. இது புரிந்த பிறகுதான் இரண்டாவது பயணத்தைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தோம்.

மூன்று சட்டங்கள்

ஸ்பெயினில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயது நிறைந்த எந்தப் பெண்ணும் சிகிச்சை பெறலாம். மணமானவரா, தனியானவரா, துணை ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. வயதுக்குச் சட்டம் மேல்வரம்பு வைக்கவில்லை என்றாலும் பெரும்பாலான கிளினிக்குகள் 50-இல் நிறுத்திக்கொள்கின்றன. கொடை அநாமதேயம். கொடையாளரைத் தேர்ந்தெடுப்பதும் கிளினிக்தான், நாம் அல்ல. படம் கிடையாது, பட்டியல் கிடையாது. ஒருவரது கொடையால் அந்நாட்டில் பிறக்கும் குழந்தைகள் ஆறுக்கு மேல் போகக்கூடாது.

செக் குடியரசிலும் அநாமதேயம்தான். ஆனால் ஆணும் பெண்ணுமாக இணையராகக் கையெழுத்திட்டால்தான் சிகிச்சை. மணமாகியிருக்கத் தேவையில்லை. தனியாக வரும் பெண்ணுக்குக் கதவே திறக்காது. பெண்ணுக்கு 49 வயதுக்கு மேல் கிடையாது. கொடையாளர் கிடைக்கக் காத்திருக்கும் காலம் குறைவு என்று பலர் விரும்பிப் போகிறார்கள். எங்களைப் போன்ற கருநிறத்தவருக்கு அந்த வசதி காகிதத்தில்தான். அங்கே கொடையாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர். முதல் பயணத்தில் பழகிய அதே கிளினிக்கிடம் கேட்டபோது, "கருமையான கூந்தலும் பழுப்புக் கண்ணும் உள்ளவர் இருக்கிறார்" என்று கோ-ஆர்டினேட்டர் எழுதினார். தோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் உடனே கேட்கக் கூச்சப்பட்டேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, "அப்படி யாரும் இல்லை" என்று வந்தது. முதல் மின்னஞ்சலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கூச்சத்துக்கு இதில் இடமே இல்லை.

கிரீஸ் 2022-இல் பெண்ணின் வயது வரம்பை 50-லிருந்து 54-க்கு உயர்த்தியது. 50-ஐத் தாண்டியவர்கள் தேசிய ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். அதே திருத்தம் இன்னொன்றையும் கொண்டுவந்தது: கொடையாளர் விரும்பினால் அடையாளம் தெரியும் கொடையும் தரலாம். காகிதத்தில் மூன்றிலும் தாராளமானது இதுதான். ஆனால் 2023 ஆகஸ்ட்டில் கிரீட் தீவின் சானியா நகரில் ஒரு கருத்தரிப்பு மையத்தைக் காவல்துறை சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தது. கொடையாளர்களையும் வாடகைத்தாய்களையும் சுரண்டியதாக, சிலருக்குக் கருவை வைப்பதுபோல் நடித்ததாகக் குற்றச்சாட்டுகள். வெளிநாட்டிலிருந்து வந்த இணையர்கள் தங்கள் உறைகருக்களின் கதி தெரியாமல் தவித்தார்கள். ஒரு மையத்தை வைத்து நாட்டையே எடைபோடுவது நியாயமில்லைதான். ஆனாலும் இன்று யாராவது கிரீஸைப் பற்றிக் கேட்டால் என்னைத் தயங்க வைப்பது அந்தச் செய்திதான், ஒளிக்க விரும்பவில்லை.

வடக்கு சைப்ரஸையும் பலர் சொன்னார்கள். துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அங்கீகரிக்காத நிலப்பகுதி அது. ஏதாவது தவறு நடந்தால் எந்த நீதிமன்றத்தில் போய் நிற்பது என்று கேட்டேன். யாரிடமும் பதில் இல்லை. அத்தோடு அதை விட்டோம்.

கொடையாளர் யார்

மற்ற வித்தியாசங்கள் எல்லாம் குழந்தை பிறந்ததும் மறந்துபோகும். இது ஒன்றுதான் குழந்தையோடு சேர்ந்து வளரும்.

சுவீடன் 1985-இலேயே கொடைவிந்தணுவில் பிறந்த பிள்ளைக்குக் கொடையாளரை அறியும் உரிமையைக் கொடுத்துவிட்டது. பிரிட்டன் 2005 ஏப்ரல் 1 முதல் அநாமதேயத்தை நீக்கியது. அந்தச் சட்டத்தின்கீழ் கருவானவர்கள் 2023 இறுதியிலிருந்து 18 வயதை எட்டிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். ஸ்பெயினிலும் செக்கிலும் கொடையால் உருவாகும் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. ஸ்பெயின் சட்டத்தில் விதிவிலக்கு அரிது: பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றாலோ, குற்ற வழக்குச் சட்டப்படி தேவைப்பட்டாலோ மட்டும், அதுவும் கட்டுப்பாட்டோடு, அடையாளம் வெளிவரலாம். எச்சிலைக் குப்பியில் நிரப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் உறவினர் பட்டியல் வந்துவிடும் இந்தக் காலத்தில் அநாமதேயம் எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கதை.

என் கணவர் அநாமதேயத்தையே விரும்பினார். "நாளைக்கு யாரோ வந்து நிற்பாங்களே" என்பது அவர் பயம். "நாளைக்கு அவள் கேட்டா என்ன சொல்றது" என்பது என் பயம். கடைசியில் முடிவு செய்தது நாங்கள் அல்ல, காத்திருப்புப் பட்டியல். அடையாளம் தெரியும் கொடை உள்ள இடத்தில் எங்கள் நிறத்துக்கு ஏற்ற கொடையாளருக்கு எப்போது வாய்ப்பு வரும் என்று சொல்லக்கூட யாரும் தயாராக இல்லை. ஸ்பெயினில் நான்கு மாதம் என்றார்கள். எனக்கு 42.

கொடையாளரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்தது அரைப்பக்கத் தாள்: வயது 26, இரத்தப் பிரிவு, கூந்தல், கண் நிறம், உயரம். அவ்வளவுதான். அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். 26 என்ற எண்ணுக்கு மேல் அதில் ஒரு மனுஷியைத் தேட வழியில்லை.

மொழியும் திரும்பி வந்த பிறகும்

கிளினிக்கில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்பது வரவேற்பறைவரை உண்மை. செக்கில் மயக்கம் தெளிந்ததும் செவிலி ஏதோ சொன்னார். எத்தனை முட்டை என்கிறார் என்று நினைத்துக்கொண்டு "ஆறா?" என்றேன். அவர் மெதுவாக என் காலை மடக்கிக் காட்டினார். அசையாமல் படு என்றாராம். ஸ்பெயினில் ஒப்புதல் படிவம் இரு மொழிகளிலும் வந்தது, ஆனால் சட்டப்படி செல்லுவது ஸ்பானிய மொழியில் உள்ளது என்று அடிக்குறிப்பு. நம் கையெழுத்து எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை கரு வைப்பது என்பதும் அந்தப் படிவத்தில்தான். ஸ்பெயின் சட்டம் மூன்றுவரை அனுமதிக்கிறது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இரண்டு வைத்தால் என்ன என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. இரட்டை என்றால் குறைப்பிரசவம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சுமக்கப் போவது அந்தக் கிளினிக் அல்ல, வீட்டருகே உள்ள பிரசவ மருத்துவமனை. மருத்துவரே ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றார், அதற்கு நன்றி.

இரண்டு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அன்றிலிருந்துதான் உண்மையான தனிமை. கொடை முட்டையில், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை உடல் தானாகச் சுரக்காததால் பத்துப் பன்னிரண்டு வாரம்வரை வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டும். அந்நிய நாட்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளூர் மருந்துக்கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஏழாம் வாரம் ஒரு ராத்திரி இரத்தம் பட்டது. கிளினிக்கின் அவசர எண்ணில் பதிவுக்குரல் ஸ்பானிய மொழியில் ஓடியது. ஆகவே ஒப்பிடும்போது வெற்றி விழுக்காட்டுக்கு முன்னால் கேளுங்கள்: திரும்பி வந்த பிறகு எங்களை யார் பார்ப்பார், மருந்துச் சீட்டு யார் எழுதுவார், இரவு யார் போன் எடுப்பார்? விழுக்காட்டைக் கேட்டால், கர்ப்பமானவர்களின் கணக்கா, உயிரோடு பிறந்த குழந்தைகளின் கணக்கா என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் கருச்சிதைவுகள் எல்லாம் மறைந்துகொள்ளும்.

மூன்றில் எங்களுக்கு ஸ்பெயின் சரிப்பட்டது. 49-க்குள் உள்ள வெள்ளை இணையர் என்றால் செக் இன்னும் எளிது. 50-ஐத் தாண்டியவருக்கும், கொடையாளரை என்றாவது அறிய வேண்டும் என்பவருக்கும் கிரீஸைக் கவனமாக விசாரித்துப் பார்க்கலாம்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. இரண்டு கருக்கள் இன்னும் அங்கே, மைனஸ் 196 டிகிரியில். குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோரிடம் ஒப்புதலைப் புதுப்பிக்கக் கேட்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். போன மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. நான்கு கட்டங்கள்: நாமே பயன்படுத்துவது, வேறு யாருக்காவது கொடுப்பது, ஆராய்ச்சிக்கு விடுவது, பராமரிப்பை நிறுத்துவது. சென்ற முறை போலவே முதல் கட்டத்தில் குறியிட்டேன். எனக்கு 47. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கித் தன் கையெழுத்தையும் போட்டார்.