மழை மாதங்களில் காய்கறிக் கொல்லை: மேட்டுப் பாத்தியா, பாலிபேக்கா?

அக்டோபர் பிறந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பெரும்பாலான நாள்களில் வெயில் மத்தியானத்தோடு சரி. அதன்பிறகு மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும். தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு ஆண்டில் இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும்: ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறை, அக்டோபர், நவம்பரில் இன்னொரு முறை. பொங்கலுக்கு வீட்டுக் காய் வேண்டுமென்றால் இந்த இரண்டாவது மழையின் நடுவில்தான் நட்டாக வேண்டும். உறைபனி நாடுகளில் டிசம்பர் மண் கல்லாக இறுகிவிடும், அங்குள்ளவர்களுக்குச் செடியைக் குளிர் தாக்காமல் மூடி வைப்பதே பெரிய வேலை. நமக்குக் குளிர் இல்லை. ஆனால் வேரைத் தண்ணீரிலிருந்து காப்பாற்ற வேண்டும், அதுவும் லேசான வேலை இல்லை.

மண்ணில் இருக்கும் சிறு இடைவெளிகளில் காற்று நின்றால்தான் வேர் மூச்சு விடும். தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் மிளகாய், தக்காளி வேர்கள் ஓரிரு நாளிலேயே சாகத் தொடங்கும். அப்போது ஈர மண்ணில் நிற்கும் செடியே தண்ணீர் இல்லாததுபோல் வாடும். அதைப் பார்த்து உரம் போடுகிறவர்கள் நிறைய பேர். செத்த வேருக்கு உரம் போட்டால் இருக்கிற வேரும் கருகும்.

எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தடவை வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் நல்ல மண், சாதாரண மேட்டுப் பாத்தி போதும். மறுநாள் வரை தண்ணீர் நின்றால் பாத்தியை 45 செ.மீ. உயர்த்த வேண்டும், இல்லையென்றால் பாலிபேக்குக்கு, அதாவது மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பைக்குப் போய்விட வேண்டும். பழைய ஈய லம்பத்து (சுரங்கத்து) மணலில் கதை நேரெதிர்: தண்ணீர் உடனே இறங்கிவிடும், உரமும் கூடவே போய்விடும். அங்கே உயரத்தைவிட மக்கிய எரு முக்கியம்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், பாத்தி மேல் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. உயரம் 30 செ.மீ., பக்கத்து வாய்க்கால் 40 செ.மீ. அகலம். வாய்க்கால் வெட்டிய மண்ணே பாத்திக்கு மேல்மண். வாய்க்காலுக்குச் சரிவு கொடுக்க மறந்தால் அது குளமாகிப் பாத்தியின் அடியை ஊற வைக்கும், எனவே மீட்டருக்கு ஒரு செ.மீ. வீதம் பெரிய கால்வாய்ப் பக்கம் இறங்க வேண்டும். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் முதல் பெரிய மழையிலேயே இடிந்து விழும். சாய்வாக விட்டு, மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்குங்கள். பழைய பலகை இருந்தால் ஓரத்தில் அடித்துவிடலாம்.

அடுத்தது சுண்ணாம்பு. பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப் பனை) நின்ற செம்மண் புளிப்பானது. கார அமில அளவு பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும், காய்கறிகளுக்கோ 6 முதல் 6.5 வரை வேண்டும். உரக்கடையில் ஜிஎம்எல் என்று கேட்டால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புத் தூள் கொடுப்பார்கள். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம், அதாவது 3 மீட்டர் நீளப் பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. மண்ணோடு கொத்திக் கலந்து இரண்டு வாரம் விட்டுவிட்டு, பிறகு மக்கிய கோழிச்சாணத்தைச் சதுர மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ போடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் வந்தால், காசு காற்றில் போகிறது என்று அர்த்தம்.

மழையில் திறந்த மண்ணை அப்படியே விடுவது பெரிய தப்பு. துளி மண்ணில் மோதித் தெறிக்கும்போது நோய்க்கிருமியும் சேர்ந்து கீழ் இலைகளில் ஒட்டுகிறது. சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கை வெள்ளிப் பக்கம் மேலே இருக்க விரித்தால் தெறிப்பு நிற்கும், களை குறையும், ஒளி எதிரொளித்து வெள்ளை ஈயும் அசுவினியும் செடியில் இறங்கத் தயங்கும். காய்ந்த லாலாங் புல்லும் பரப்பலாம். ஆனால் பூ வராத புல்லாக, வேர்த்தண்டு இல்லாமல் அறுத்தது வேண்டும். அதன் அடியில் நத்தை ஒளிந்துகொள்ளும், மாலையில் ஒரு தடவை புரட்டிப் பொறுக்கிவிடுங்கள்.

பாத்தியின் தீராத எதிரி பாக்டீரியா வாடல் நோய். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் தாக்கும். இலை மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிப் போகும். சந்தேகம் வந்தால் அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போல் வெண்மையான இழை இறங்கினால் அதேதான். இதற்கு மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். அந்தப் பாத்தியில் மூன்று ஆண்டுக்காவது வெண்டையோ சோளமோ கீரையோ போடுங்கள். கத்தரிக்கு மட்டும் ஒரு நல்ல வழி உண்டு: சுண்டைக்காய்ச் செடியின் மேல் ஒட்டுக் கட்டிய கத்தரி இந்த நோயை நன்றாகத் தாங்கும். சுண்டை வேலியோரத்தில் தானாகவே முளைத்துக் கிடக்கும் ஊரில் இதைப் பலர் செய்யாமல் இருப்பது வருத்தம்தான்.

இனி பாலிபேக். மிளகாய்க்கு 16க்கு 16 அங்குலப் பை வேண்டும். மண் நிரப்பினால் சுமார் 14 லிட்டர் பிடிக்கும், நனைந்தால் 20 கிலோ எடை வரும், அதனால் வைக்கும் இடத்திலேயே நிரப்புங்கள். மேல்மண் 3 பங்கு, மக்கிய எரு 2, மணல் 1. பத்துப் பைக்கு 10 லிட்டர் வாளியில் மண் 7, எரு கிட்டத்தட்ட 5, மணல் இரண்டரை வாளி. வெறும் செம்மண்ணை நிரப்பினால் இரண்டே மழையில் இறுகிச் செங்கல்லாகிவிடும். வாடல் நோய் கண்ட பாத்தியின் மண்ணைத் தொடவே கூடாது. பையைத் தரையில் நேராக வைத்தால் துளை அடைபடும், வேரும் துளை வழியே கீழே இறங்கித் தரையிலுள்ள கிருமியைத் தொட்டுவிடும். செங்கல்லோ பலகையோ கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

கூரை இல்லாத பாலிபேக் பாதி வேலைதான். பையிலிருந்து மழை சத்தை அலசிக்கொண்டு போவது பாத்தியைவிட வேகமாக நடக்கும். பைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி என்று நீல உரம் 12-12-17-2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் அளவு) போடுகிறவர்கள், மழை மாதத்தில் வாரத்துக்கு அரைக் கரண்டியாகப் பிரித்துப் போட வேண்டும். கூரைக்கு ஒளி புகும் யூவி பிளாஸ்டிக் வேண்டும். முன்புறம் 2.4 மீட்டர், பின்புறம் 2 மீட்டர் உயரம் கொடுத்து, நான்கு பக்கமும் காற்றோட விடுங்கள். துத்தநாகத் தகடு போட்டால் செடி வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து பூ உதிரும்.

கூரை போட்டவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெளியே மழை கொட்டும்போது உள்ளே செடி காய்ந்துகொண்டிருக்கும், ஊரெல்லாம் ஈரம் என்பதால் யாரும் தண்ணீர் ஊற்ற நினைப்பதில்லை. காய்க்கும் மிளகாய்க்குத் தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தேவை. கூரைக்குள் பழ அழுகல் நோய் வெகுவாகக் குறையும், ஏனென்றால் அந்தப் பூசணம் தெறிக்கும் நீரில்தான் பரவுகிறது. ஆனால் மழை கழுவாததால் இலைப்பேனும் சிலந்திப்பூச்சியும் பெருகும். நுனி இலை சுருண்டால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், காலையில் அங்கேயே தண்ணீர் பீய்ச்சுங்கள்.

பைக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். தட்டில் தேங்கும் தண்ணீரில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் அபராதமும் போடலாம். பாத்தியின் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நின்றாலும் அதே பேச்சுதான்.

நிலம் யாருடையது என்பதையும் கணக்கில் எடுங்கள். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பின்பக்கம் சிமெண்டுத் தரைதான், அங்கே பாலிபேக்கைத் தவிர வேறு வழியில்லை. மின்கம்பிக்கு அடியிலோ ஆற்றோர ஒதுக்கு நிலத்திலோ நடுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் காலி செய்ய வேண்டி வரலாம். சுண்ணாம்பும் எருவும் கொட்டி மூன்று ஆண்டு பக்குவப்படுத்திய பாத்தியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

சொந்த மண் இருந்தால் எங்கள் தீர்ப்பு பாத்தியின் பக்கம், மிளகாயும் தக்காளியும் மட்டும் கூரைக்கடியில் பையில். வெண்டை ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் முடங்கும், எனவே பாத்தியில் நேராக விதை போடுங்கள். நவம்பர் கடைசிக்குள் போட்டால் 45, 50 நாளில், பொங்கல் வாக்கில், முதல் காய் கிடைக்கும். தண்டுக்கீரை விதை பொடியாக இருப்பதால் முதல் மழையே ஓரத்துக்கு அடித்துச் சென்றுவிடும். வரிசையாகத் தூவி மெல்லிய மணல் போட்டு மூடி, முளைக்கும்வரை மேலே வலை கட்டுங்கள். காங்கோங் கீரைக்கு விதை பெரிது, இந்தக் கவலையே இல்லை. ஏப்ரலில் ஊன்றிய மஞ்சளும் இஞ்சியும் பாத்தியில் இருந்தால் இப்போது மண் அணைத்து மேட்டை உயர்த்துங்கள். கிழங்கு வெளியே தெரிந்தாலும் கெடும், அடியில் தண்ணீர் நின்றாலும் அழுகும். பொங்கலுக்கு இலையோடு மஞ்சள் கொத்துப் பிடுங்கவும் இறுகாத பாத்தி மண்தான் வசதி, ஈரமான மண்ணில் தோட்ட முள்கரண்டியால் அடியிலிருந்து நெம்பினால் கிழங்கு முறியாமல் வரும்.

மிளகாய் ஓய்ந்த பையில் அடுத்த மிளகாயை நடாதீர்கள். நோய் காணாத பை என்றால் அந்த 14 லிட்டர் மண்ணையும் கீரைப் பாத்தியில் கொட்டிப் பரப்பி, பைக்குப் புதுக் கலவை தயார் செய்யுங்கள்.