காரைக்குடியில் வாடகைக்கு எடுத்த மண் அடிக்கும் மெஷின்: மெஷினுக்கு நாலு ஸ்டார், கடைக்கு இரண்டு

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டுப் பின்கட்டைத் தாண்டி இருபதுக்கு முப்பது அடி திறந்த இடம். நாலு வருஷத்துக்கு முன் அங்கே பேவர் பிளாக் போட்டோம், ஒரே ஐப்பசி மழையில் பல்லாங்குழிப் பலகை மாதிரி ஆகிவிட்டது, குழிக்குக் குழி தண்ணீர். கல்மேல் குற்றமில்லை. கிராவலைக் கொட்டி மண்வெட்டியால் நிரவிவிட்டு மேலே அடுக்கியிருந்தார்கள், யாரும் அடித்து இறுக்கவே இல்லை. இப்போது வீட்டில் கல்யாணம் வருகிறது, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு அடியிலிருந்தே செய்வோம் என்று ஒரு வாடகைக் கடையில் பிளேட் காம்பாக்டர் எடுத்தேன், அடித்தகடு அதிர்ந்து அதிர்ந்து மண்ணை இறுக்குகிற மெஷின்.

நாளுக்கு 1,200 ரூபாய், அட்வான்ஸ் 5,000. பெட்ரோலும் குட்டியானை வாடகையும் நம் தலையில். காலை 8 மணிக்கு என்றார்கள், வந்து சேர்ந்தது 11. வாடகை மட்டும் 8 மணியிலிருந்தே ஓடியது.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். ஹோண்டா ஜிஎக்ஸ் 160 இன்ஜின், சுமார் 90 கிலோ, இறக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. தள்ளவே வேண்டாம், அதுவாக முன்னால் நகர்கிறது, நாம் திருப்பிவிட்டால் போதும். ஆனால் ராத்திரி சோற்றில் கை வைத்தபோதும் உள்ளங்கை ரீங்காரம் அடங்கவில்லை.

இருபது நிமிஷம் ஓடியதும் நின்றுவிட்டது. கடைக்குப் போன் போட்டால் "கார்புரேட்டரை லேசா தட்டிப் பாருங்கண்ணே" என்கிறான் பையன். எங்கள் கொத்தனார் ஆயில் குச்சியை உருவினார், நுனியில்கூட ஈரம் இல்லை. ஆயில் குறைந்தால் இன்ஜின் தானே நின்றுகொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், அதனால் தப்பித்தது. அரை லிட்டருக்கு மேல் ஊற்றினோம், கைக்காசு.

முதல் அடுக்கை நான் காய்ந்த மண்ணிலேயே ஓட்டினேன். தூசிதான் பறந்தது, தகடு துள்ளியது, மண் அமுங்கவில்லை. கொத்தனார் நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி மண்ணில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, பிடி கொழுக்கட்டை பிடிப்பது போலப் பிடித்தார். இடுப்பு உயரத்திலிருந்து போட்டார், இரண்டு மூன்று துண்டாக உடைந்தது. "இதுதான் பதம் தம்பி. பொடிப் பொடியா உதிர்ந்தா தண்ணி பத்தலை, கையில ஈரம் ஒட்டினா ஜாஸ்தி, காயவிட்டுத்தான் அடிக்கணும்." கொஞ்சம் ஈரம் இருந்தால் மண் துகள் வழுக்கி நெருங்கும், கூடினால் இடைவெளியை எல்லாம் தண்ணீரே அடைத்துக்கொள்ளும், எவ்வளவு அடித்தாலும் இறுகாது. இதைத்தான் 1933-இல் ப்ராக்டர் என்கிற அமெரிக்க இன்ஜினியர் சோதனையாக வகுத்தார், ரோடு போடுபவர்கள் இன்றும் அவர் பேரைத்தான் சொல்கிறார்கள். நம் கொத்தனாருக்குக் கொழுக்கட்டை போதும்.

அப்புறம் நாலு அங்குலத்துக்கு மேல் ஒரு அடுக்கில் கொட்டவில்லை. மொத்தமாகக் கொட்டி அடித்தால் மேல்தோல் மட்டும் இறுகும், அடி பொலபொலவென்றே கிடக்கும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் நாலு சுற்று. கடைசிச் சுற்றில் சத்தமே மாறிவிடுகிறது, தொம் தொம் என்றிருந்தது டங் டங் என்று கேட்கும். அடித்து முடித்து அரை அடி கனம் வேண்டுமென்றால் கணக்குப்படி மூன்று யூனிட் (யூனிட்டுக்கு நூறு கன அடி) கிராவல், நாங்கள் நாலு யூனிட் இறக்கினோம், மிச்சமே இல்லை.

கடைமேல் என் பெரிய கோபம் வேறு. பழைய குழாய்ப் பள்ளம் ஒன்று கண்மாய்க் கரம்பையால் மூடிக் கிடந்தது, அதன்மேல் இந்த மெஷின் தடவிக்கொடுத்துவிட்டுப் போகிறது, கடப்பாரையை வைத்தால் உள்ளே இறங்குகிறது. இந்த மாதிரிக் களிமண்ணுக்குக் குதித்துக் குதித்துக் குத்துகிற ராம்மர் மெஷின்தான் சரி. அது கடை வாசலிலேயே நின்றது, என்ன மண் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுத்திருப்பேன். கரம்பையைத் தோண்டி எறிந்துவிட்டுக் கிராவல் போட அரை நாள் போனது.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சுவரை ஒட்டி இதை ஓட்டாதீர்கள். பின்சுவர்ப் பக்கம் போனதும் நூறு வருஷச் சுண்ணாம்புப் பூச்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது, உள்ளிருந்து ஆச்சி போட்ட சத்தத்தில் இன்ஜினே அடங்கிவிட்டது. சுவரிலிருந்து இரண்டடிக்குத் திமிசுக்கட்டையால் கையிலேயே இடித்தோம். வேப்பமரத்தைச் சுற்றி ஆறடியும் செம்பருத்திப் பாத்தியும் அடிக்காமல் விட்டாயிற்று, அங்கே இறுக்கினால் வேர் மூச்சுவிட முடியாது.

ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக வாட்டம் கொடுத்தோம். போன வாரம் ஒரு மணி நேரம் கொட்டியது, தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. ஐப்பசியைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது தகட்டில் மண் ஒட்டியிருக்கிறது என்று அட்வான்ஸில் 200 ரூபாய் பிடித்தார்கள், ஆயில் காசைக் கேட்டதற்குச் சிரிப்புத்தான் பதில். மறுபடி அங்கே போவேனா என்றால், மெஷினுக்காகப் போவேன், கடையிலேயே ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு.